வயிற்றுச் சிரைகளில் அனியூரிசம்: அளவைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில், கணையத்தின் தலைக்குப் பின்னால் கறுப்பாக, வழவழப்பான விளிம்போடு ஓர் உருண்டை தெரிகிறது. அளவு 28 மி.மீ. அறிக்கையில் 'நீர்க்கட்டி' என்று எழுதி, ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஸ்கேன் கருவியின் ப்ரோபைக் கையிலிருந்து வைப்பதற்கு முன், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் பொத்தானை ஒருமுறை அழுத்தியிருந்தால் அந்தக் கறுப்பு உருண்டைக்குள் சிவப்பும் நீலமும் சுழன்றிருக்கும். அது நீர்க்கட்டி அல்ல, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் வெயின் என்ற சிரையில் உண்டான அனியூரிசம், அதாவது ரத்தநாளத்தின் ஒரு பகுதி மட்டும் விரிந்த புடைப்பு.

இந்த நோய் அரிது. அரிது என்பதாலேயே இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, வேறு ஏதோ கட்டி என்று நினைத்து ஊசியால் குத்துவது. மற்றொன்று, அனியூரிசம் என்ற சொல்லைக் கேட்டதுமே வயிற்றுப் பெருந்தமனி அனியூரிசத்தின் நினைவு வந்து, இன்றைக்கோ நாளைக்கோ வெடித்துவிடும் என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது. பெருந்தமனிக்குள் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். போர்ட்டல் வெயினில் அது 5 முதல் 10 வரைதான். சுவர் மெலிந்திருந்தாலும் அதைக் கிழிக்கும் விசை அங்கே குறைவு. ஆகவே வெடிப்பது மிகவும் அபூர்வம். உள்ளே ரத்தம் உறைவதுதான் அதைவிட அடிக்கடி நடப்பது.

எனவே கேள்விகளின் வரிசை முக்கியம். இது சிரைதானா? போர்ட்டல் அழுத்தம் கூடியிருக்கிறதா? உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா? பக்கத்து உறுப்பை நெரிக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகுதான் எத்தனை மி.மீ. என்பதற்குப் பொருள் உண்டு.

எதை அனியூரிசம் என்பது

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'சிரைப் புடைப்பு' என்றால் பெரும்பாலோர் நினைப்பது வேரிசஸ், அதாவது உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ சுருண்டு நெளிந்து வீங்கிய மாற்றுப்பாதைச் சிரைகளை. அனியூரிசம் வேறு. இயல்பான பாதையில் போகும் ஒரு பெரிய சிரையின் ஒரு பகுதி மட்டும் பையாகவோ, நடு பருத்து இரு முனையும் ஒடுங்கிய கதிர் வடிவிலோ விரிந்திருப்பதே அனியூரிசம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். நோயாளியிடம் பேசும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், 'ரத்த வாந்தி எப்போது வரும்' என்ற பயத்தோடு அவர் வீட்டுக்குப் போவார்.

வயிற்றில் இவை அதிகம் காணப்படுவது போர்ட்டல் தொகுதியில்தான். 1956-இல் பார்சிலாய், கிளெக்னர் இருவரும் முதன்முதலாக விவரித்த காலம் தொட்டு வெளிவந்த குறிப்புகளில் பெரும்பங்கு இதைப் பற்றியதே. குடற்சிரையும் மண்ணீரல் சிரையும் கூடும் சந்திப்பு, போர்ட்டல் வெயினின் தண்டு, கல்லீரல் வாயிலில் அது இரண்டாகப் பிரியும் இடம் ஆகியவை வழக்கமான இடங்கள். கருவில் முன்சிறுகுடலைச் சுற்றி இரண்டு வைட்டலைன் சிரைகள் பின்னிக்கொள்கின்றன. அவற்றில் சில துண்டுகள் மறைந்து, எஞ்சியவை போர்ட்டல் வெயினாகின்றன. வலது சிரையின் கீழ்ப்பகுதி முழுதும் மறையாமல் ஒரு முனையாக நின்றுவிட்டால், பிற்காலத்தில் அது பையாக விரியலாம். சந்திப்புக்கு அருகே பிறவி அனியூரிசங்கள் காணப்படுவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். பிறகு வருபவற்றுக்கு முதல் காரணம் போர்ட்டல் அழுத்தம். கணைய அழற்சி, வயிற்றில் பட்ட அடி, முன்பு நடந்த அறுவை சிகிச்சை, கல்லீரல் மாற்று சிகிச்சையில் போட்ட இணைப்பு ஆகியவையும் காரணமாகலாம்.

சாதாரண மூச்சில் போர்ட்டல் வெயினின் அகலம் அல்ட்ராசவுண்டில் 13 மி.மீ. வரை. மூச்சை ஆழ இழுத்தால் 16 வரைகூடப் போகும். நலமான கல்லீரலில் 15 மி.மீ., சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) உள்ளவரில் 19 மி.மீ. என்பது ஏற்றுக்கொண்ட மேல்வரம்பு. நடைமுறையில் 20 மி.மீ. தாண்டி, இரு பக்கத்துப் பகுதியைவிடக் கண்ணுக்குத் தெளிவாகப் புடைத்திருந்தால் அனியூரிசம் என்று எழுதலாம். சிரை முழுவதும் ஒரே சீராக 17 மி.மீ. இருந்தால் அது விரிவு மட்டுமே. அறிக்கையில் அனியூரிசம் என்ற சொல்லைப் போட்டு ஒருவரை ஆயுள் முழுக்கக் கவலைப்படவைக்கத் தேவையில்லை.

டாப்ளர்: கருவி ஏமாற்றும் இடங்கள்

6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டவுடன் குடலிலிருந்து வரும் ரத்தம் கூடி சிரை அகலமாகும், வாயுவும் மறைக்கும். மல்லாந்து படுக்கவைத்து, மெதுவாக மூச்சு விட்ட நிலையில், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த ப்ரோபால் பார்க்க வேண்டும். உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்து, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எழுதுங்கள். எந்த இடத்தில், எந்தத் தளத்தில் அளந்தோம் என்பதையும் படத்தோடு சேமியுங்கள். அடுத்த வருடம் வேறொருவர் அளக்கும்போது இந்தப் படம் இல்லையென்றால் 'வளர்ந்திருக்கிறதா' என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. 2, 3 மி.மீ. வேறுபாடு மூச்சாலும் கையாலும் வருவது. அதை வளர்ச்சி என்று கொள்ளக்கூடாது.

உருண்டை போர்ட்டல் வெயினோடு திறந்த வாயாக இணைந்திருப்பதைக் காட்டும் ஒரு படமாவது வேண்டும். கலரில் ஓட்டம் சுழலும்; பாதி சிவப்பு, பாதி நீலம். ஓட்டத்தை அலைக்கோடாகக் காட்டும் பல்ஸ் டாப்ளரில் துடிப்பில்லாத, லேசாக மூச்சோடு அசையும் சிரை ஓட்டம் தெரிய வேண்டும். தமனியைப் போலக் கூர்மையான துடிப்பு தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். அது தமனியின் போலி அனியூரிசமாகவோ (சுவர் கிழிந்து வெளியே தேங்கிய ரத்தப்பை), தமனியும் போர்ட்டல் வெயினும் ஒட்டிக்கொண்ட ஃபிஸ்டுலாவாகவோ இருக்கலாம். கல்லீரல் பயாப்சி நடந்திருக்கிறதா, கத்திக்குத்து, விபத்து உண்டா என்று கேட்க வேண்டிய நேரம் அது. ஃபிஸ்டுலா என்றால் சிரையைத் தொட வேண்டாம். தமனி வழியாகப் போய் அந்த வாயை அடைப்பதே முதல் வழி. அழுத்தம் இறங்கினால் சிரை தானே சுருங்க வாய்ப்புண்டு.

பெரும் தவறு நடப்பது 'ஓட்டம் இல்லை, உறைந்துவிட்டது' என்று எழுதும்போது. பைக்குள் ரத்தம் மெதுவாகத்தான் சுழலும். வேக அளவுகோல் தமனிக்கு வைத்தபடியே இருந்தால் கருவி அந்த மெதுவான ஓட்டத்தைத் தூக்கி எறிந்துவிடும். வேக அளவை நொடிக்கு 15 முதல் 20 செ.மீ. வரை இறக்கி, மெதுவான அசைவுகளை வடிகட்டும் வால் ஃபில்டரைக் குறைத்து, கோணத்தை 60 பாகைக்குள் கொண்டுவந்த பிறகும் நிறம் ஏறவில்லை என்றால்தான் உறைவை நினைக்க வேண்டும். அலை நேர்செங்குத்தாக விழும் இடத்தில் ஓட்டம் இருந்தாலும் தெரியாது. ப்ரோபைச் சாய்த்து, விலா இடுக்கு வழியாக இன்னொரு முறை பாருங்கள். நேர்மாறாக, புதிய உறைவு எதிரொலியே இல்லாமல் கறுப்பாகவே இருக்கலாம் என்பதால் சாதாரணப் படத்தை மட்டும் நம்பி 'சுத்தமாக இருக்கிறது' என்றும் சொல்லக்கூடாது.

சிடி: நேரம் தவறினால் பொய் உறைவு

டாப்ளரில் கண்டதை உறுதிப்படுத்த, ரத்தநாளங்களை வெளிச்சமாக்கும் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி ஒருமுறையாவது வேண்டும். 'வயிறு சிடி' என்று மட்டும் எழுதி அனுப்பாமல், போர்ட்டல் வெயின் அனியூரிசம் சந்தேகம், உறைவு உண்டா, வேரிசஸ் உண்டா என்று படிவத்தில் எழுதுங்கள். மருந்து எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1.5 மில்லி, நொடிக்கு 3 முதல் 4 மில்லி. முதலில் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, பிறகு தமனிக் கட்டம், பிறகு 65 முதல் 75 நொடியில் போர்ட்டல் கட்டம். 1 முதல் 1.5 மி.மீ. துண்டுகளாக மறுகட்டமைத்து, நீளவாக்கிலும் பார்க்க வேண்டும்.

மூன்று கட்டமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்விக்குப் பதில் தருகிறது. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் புதிய உறைவு சுற்றியுள்ள ரத்தத்தைவிட வெளிறித் தெரியும். தமனிக் கட்டத்திலேயே பை நிறைந்துவிட்டால் ஃபிஸ்டுலா. தமனிக் கட்டத்தில் உறைவுக்குள்ளேயே மெல்லிய ரத்தநாளங்கள் மின்னினால், அது உறைவல்ல, சிரைக்குள் வளர்ந்த புற்று. இது முக்கியம். சிரோசிஸ் உள்ளவரில் கல்லீரல் புற்று போர்ட்டல் வெயினுக்குள் புகுந்து அதை உப்பவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உறைந்த அனியூரிசம் போலவே இருக்கும். கல்லீரல் புற்றில் கூடும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தின் அளவும், உறைவுக்குள் துடிப்பு ஓட்டம் உண்டா என்ற டாப்ளர் சோதனையும் கூடவே வேண்டும். இங்கே தவறினால் புற்றுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு மாதங்கள் ஓடிவிடும்.

தமனிக் கட்டத்தின் இறுதியில் எடுத்த படத்தை மட்டும் வைத்து உறைவு என்று சொல்லவே கூடாது. மண்ணீரலிலிருந்து வரும் ரத்தம் கான்ட்ராஸ்டோடு முதலில் வந்துவிடும். குடலிலிருந்து வருவது தாமதமாகும். சந்திப்பில் வெள்ளையும் சாம்பலும் கலக்காமல் அருகருகே ஓடும், பாதிச் சிரை அடைபட்டது போலத் தெரியும். போர்ட்டல் கட்டத்திலும் அது அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால்தான் உண்மை. கீழ்ப்பெருஞ்சிரையில் இந்த ஏமாற்று இன்னும் பெரிது: 70 நொடியில் சிறுநீரகத்திலிருந்து வரும் ரத்தம் வெள்ளையாகவும், கால்களிலிருந்து வருவது சாம்பலாகவும் இருக்கும். அங்கே 2 முதல் 3 நிமிடம் கழித்து இன்னொரு படம் எடுத்தாக வேண்டும்.

கிரியாட்டினின் கூடியவர், கர்ப்பிணி, ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய இளவயதினர் ஆகியோருக்கு எம்ஆர்ஐ நல்லது. கர்ப்பிணிக்கு கடோலினியம் வேண்டாம். கான்ட்ராஸ்ட் இல்லாத முறைகளே பெரும்பாலும் போதும்.

ஊசி பற்றி ஒரே விதி. கணையத் தலை, கல்லீரல் வாயில், சிறுநீரகத்தின் உள்ளோரம் ஆகிய இடங்களில் உள்ள எந்த 'நீர்க்கட்டி', எந்த 'நெறிக்கட்டி'யையும் டாப்ளர் பார்க்காமல் எஃப்என்ஏசி (ஊசியால் குத்தி செல்களை எடுத்துப் பார்ப்பது) செய்யக்கூடாது. பித்தநாள நீர்க்கட்டி, முன்சிறுகுடல் பக்கப்பை, கணையப் போலிக்கட்டி எல்லாம் இதே இடத்தில் இதே உருவில் வரும். ஓட்டம் ஒன்றுதான் அவற்றையும் இதையும் பிரிக்கிறது.

அழுத்தம் கூடியிருக்கிறதா

சிகிச்சையின் திசையை மாற்றுவது இந்தக் கேள்விதான். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே, மண்ணீரல் 13 செ.மீ.க்கு மேலே, தொப்புளைச் சுற்றியோ மண்ணீரல் வாயிலிலோ மாற்றுப்பாதைச் சிரைகள், வயிற்றில் நீர் என்று ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து வேரிசஸ் பாருங்கள். சிரோசிஸ் சந்தேகத்தில், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம் என்பது, போர்ட்டல் அழுத்தம் பற்றிய சர்வதேச நிபுணர்களின் பவெனோ நெறி. ஆனால் அந்தக் கணக்கு சிரோசிஸுக்கானது. நம் நாட்டில் சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் அழுத்தம் கூடுவது சாதாரணம். சிறு வயதிலேயே போர்ட்டல் வெயின் அடைபட்டவர்களும், சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களும் இதில் அடக்கம். அவர்களுடைய கல்லீரல் மிருதுவாகவே இருக்கும், ஃபைப்ரோஸ்கேன் நல்ல எண்ணைக் காட்டும், வேரிசஸ் பெரிதாக இருக்கும். மண்ணீரல் பெரிதென்றால் ஃபைப்ரோஸ்கேன் என்ன சொன்னாலும் எண்டோஸ்கோப்பி செய்யுங்கள்.

வேரிசஸ் இருந்தால், போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் 6.25 மி.கி. தினம் ஒருமுறை தொடங்கி, தாங்கினால் 12.5 ஆக்கலாம். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு வேண்டாம். பெரிய வேரிசஸுக்கு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் பேண்டிங், அதாவது எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது. அழுத்தம் கூடியவரிடம் அனியூரிசம் என்பது விளைவு. காரணத்தை விட்டுவிட்டு விளைவைத் தைக்கப்போவது, நிரம்பி வழியும் தொட்டியின் விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவது மாதிரி.

சும்மா இருப்பதும் சிகிச்சைதான்

தொந்தரவில்லை, உறைவில்லை, அழுத்தம் கூடவில்லை, பித்தநாளத்தையோ முன்சிறுகுடலையோ நெரிக்கவில்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். கண்காணிப்பு மட்டும் போதும். இதற்கென்று எழுதிவைத்த சர்வதேச கால அட்டவணை கிடையாது. முதல் டாப்ளர் 3 மாதத்தில், அடுத்தது 6 மாதத்தில், மாற்றம் இல்லையென்றால் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பின்தொடர்ந்து பார்த்த பெரும்பாலானவர்களில் அளவு அப்படியேதான் இருந்திருக்கிறது. 3 செ.மீ. தாண்டியதும் அறுவை என்று சில இடங்களில் பழக்கம் உண்டு. அந்த எண் அனுபவத்தில் வந்த எல்லைக்கோடு. அது ஒன்றை மட்டும் வைத்து மேசையில் ஏற்றுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். வளர்கிறதா என்பது எவ்வளவு என்பதைவிடக் கனமான கேள்வி.

வயிற்று வலி என்று வந்தவரிடம் அனியூரிசம் கண்டால், வலிக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டும் அவசரமும் கூடாது. குறிப்புகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி இருந்திருக்கிறது. வலிக்காகத்தானே ஸ்கேனே எடுத்தார்கள்! அல்சர், பித்தப்பைக் கல், கணையம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வேறு காரணம் இல்லாதபோதுதான் பழியை இதன்மீது போட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் தடித்த எழுத்தில் போக வேண்டியவை: அனியூரிசம் எந்தச் சிரையில், மூன்று அளவுகள், தேதி, உறைவு இல்லை என்ற குறிப்பு, 'இது கட்டி அல்ல, ஊசி போடக்கூடாது' என்ற வரி. நாளை அவருக்குப் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்க வேண்டி வந்தால் அந்த ஒரு வரி அறுவை மருத்துவரைக் காப்பாற்றும். நோயாளியும் அந்தத் தாளையும் சிடி படத்தின் குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். உணவில் தனிப் பத்தியம் ஏதும் இல்லை.

திடீரென்று கடும் வயிற்று வலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், ரத்த வாந்தி, கண் மஞ்சளாவது, வயிறு உப்பிக்கொண்டே போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உறைந்துவிட்டால்

புதிய உறைவு என்று தெரிந்ததும் முதல் கவலை குடலைப் பற்றியது. உறைவு குடற்சிரைக்குள் இறங்கினால் குடல் அழுகலாம். வயிற்றைத் தொட்டால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நோயாளி துடிக்கிறார் என்றால் அதுவே எச்சரிக்கை. வயிறு இறுகுவது, திசுவுக்கு ரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட் 2-க்கு மேல் ஏறுவது, சிடியில் குடல் சுவர் தடித்துப் போவது, சுவரில் காற்று தெரிவது ஆகியவை வந்தால் அறுவைப் பிரிவை உடனே அழையுங்கள்.

குடல் நலமாக இருந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். எனாக்ஸாபரின் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை தோலுக்கடியில். கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே என்றால் அதே அளவு நாளுக்கு ஒருமுறை. 5-ஆம் நாளிலிருந்து பிளேட்லெட்டைக் கவனியுங்கள். தொடக்க எண்ணில் பாதிக்கு மேல் விழுந்தால் ஹெப்பாரின் எதிர்வினை என்று சந்தேகித்து ஊசியை நிறுத்த வேண்டும். வேரிசஸ் இருக்கிறது என்பதற்காக இந்த மருந்தை வாரக்கணக்கில் தள்ளிப்போடக்கூடாது. கார்வெடிலாலோ பேண்டிங்கோ கூடவே நடக்கட்டும்.

பிறகு மாத்திரைக்கு மாறலாம். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2 முதல் 3 வரை. சிரோசிஸில் மருந்து தொடங்கும் முன்பே ஐ.என்.ஆர். 1.6, 1.8 என்று இருப்பதால் அந்த எண்ணை நம்பி அளவு சரிசெய்வது கடினம். அவர்களுக்கு எனாக்ஸாபரினே தொடர்வது பல வேளைகளில் மேல். கல்லீரல் நலமாக உள்ளவருக்கு ரிவராக்ஸபான் 15 மி.கி. காலை மாலை 21 நாள், பிறகு 20 மி.கி. தினம் ஒருமுறை சாப்பாட்டோடு. அல்லது அபிக்ஸபான் 10 மி.கி. இருவேளை 7 நாள், பிறகு 5 மி.கி. இருவேளை. கல்லீரல் கெட்ட அளவை ஏ, பி, சி எனப் பிரிக்கும் சைல்ட்-பியூ கணக்கில் பி நிலையில் ரிவராக்ஸபான் வேண்டாம். சி நிலையில் இந்த வகை மாத்திரைகளே வேண்டாம். ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் நோய் உறுதியானவருக்கு வார்ஃபரின்தான்.

வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் 'கீரையே தொடாதே' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சரியான அறிவுரை வேறு: வாரத்தில் எத்தனை நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறீர்களோ அதே அளவை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூடிக் குறைவதுதான் ஐ.என்.ஆரை ஆட்டுகிறது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் மட்டும் கண்டிப்பாகக் கூடாது.

ஏன் உறைந்தது என்றும் தேட வேண்டும். அனியூரிசத்துக்குள் ரத்தம் தேங்குவதே காரணமாகலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஜாக்-2 மரபணு மாற்றமுள்ள ரத்த நோய் தப்பிவிடும். பெரிய மண்ணீரலோடு பிளேட்லெட் 'சரியாக' இருப்பதே அதற்கு ஒரு துப்பு. மண்ணீரல் வீங்கியவருக்கு அது குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஜாக்-2, ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றைப் பாருங்கள். உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் மூன்றும் புது உறைவின்போதும் கல்லீரல் கெட்டிருக்கும்போதும் பொய்யாகக் குறைந்து காட்டும். வார்ஃபரினில் முதல் இரண்டும் குறையும். அந்த நேரத்தில் எடுத்த குறைந்த எண்ணைக் கொண்டு யாருக்கும் பிறவிக் குறை என்று முத்திரை குத்தாதீர்கள். பெண்களானால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

குறைந்தது 6 மாதம் மருந்து. 3-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் படம். போர்ட்டல் உறைவு திறப்பதானால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் திறந்துவிடும். அனியூரிசம் அப்படியே இருக்கும்வரை தேக்கமும் இருக்கும் என்பதால், 6 மாதம் முடிந்ததும் பழக்கத்தில் நிறுத்திவிடாமல், ரத்தக்கசிவு ஆபத்தை எடைபோட்டுத் தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டும். மருந்து கொடுத்தும் உறைவு பரவுகிறது, குடல் இன்னும் சாகவில்லை என்ற இடைநிலையில், கல்லீரல் வழியாகவோ டிப்ஸ் (போர்ட்டல் வெயினையும் கல்லீரல் சிரையையும் கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்ட் வைத்து இணைப்பது) பாதை வழியாகவோ குழாய் செலுத்தி உறைவைக் கரைப்பதும் உறிஞ்சுவதும் நல்ல இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி பிரிவு உள்ள இடத்தில் சாத்தியம்.

கத்தி எப்போது

சிரோசிஸ் இல்லாதவரில் அனியூரிசம் தெளிவாக வளர்கிறது, பித்தநாளத்தை நெரித்து மஞ்சள் காமாலை வருகிறது, வேறு காரணமில்லாத வலி விடவில்லை, அல்லது வெடித்துவிட்டது என்றால் அறுவை. குறுகிய கழுத்துள்ள பையை வெட்டியெடுத்துச் சிரையின் பக்கச்சுவரைத் தைத்துவிடலாம். கதிர் வடிவமானால் சுவரின் ஒரு பட்டையை எடுத்து இயல்பான அகலத்துக்குத் தைப்பது. அதுவும் முடியாவிட்டால் அந்தத் துண்டை நீக்கி ஒட்டுச்சிரை வைப்பது. சுவர் நனைந்த காகிதம் போல இருக்கும். இழுத்துக் கட்டினால் தையல் அறுத்துக்கொண்டு வரும். மிகக் குறுக்கித் தைத்தால் அங்கேயே உறையும்.

போர்ட்டல் வெயினைக் கிளாம்ப் போடும்போது, அழுத்தம் இயல்பாக உள்ளவர்தான் அதை மோசமாகத் தாங்குவார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மாற்றுப்பாதைச் சிரைகள் அவருக்கு இல்லை. ரத்தம் போக இடமில்லாமல் குடல் நீலமாக வீங்கும். பக்கவாட்டுக் கிளாம்ப் போட்டு ஓட்டத்தைப் பாதியாவது விட்டுவைப்பது நல்லது.

அழுத்தம் கூடியவரில் நேரடியாக அனியூரிசத்தை அணுகுவது ரத்தக்கடலில் இறங்குவதற்குச் சமம். முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும்: டிப்ஸ், அல்லது மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைக்கும் ஷன்ட், அல்லது கல்லீரல் மாற்று. மண்ணீரலை மட்டும் எடுத்துவிட்டு வருவது பாதிவேலை. எடுத்தபின் மண்ணீரல் சிரை ஒரு முட்டுச்சந்து ஆகிவிடும், பிளேட்லெட்டும் குதித்து ஏறும். இரண்டும் சேர்ந்து உறைவை அழைக்கும். செய்தே ஆக வேண்டுமானால் முதல் வாரத்துக்குள் டாப்ளர் பாருங்கள்.

கல்லீரல் மாற்று நடந்தவரில் இணைப்புக்கு மேலே விரிவு தெரிந்தால், இணைப்பு குறுகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். குறுகல் உள்ள இடத்தில் பலூனும் ஸ்டென்டும் வைத்தால் விரிவைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்காது.

போர்ட்டலுக்கு வெளியே

கீழ்ப்பெருஞ்சிரையிலும் இடுப்புச் சிரையிலும் கணக்கு மாறுகிறது. அங்கே உறைந்த கட்டி கல்லீரலில் சிக்காது. நேரே நுரையீரலுக்குப் போகும். கீழ்ப்பெருஞ்சிரை அனியூரிசத்தை கிராட்மன், ஸ்டைன்பெர்க் இருவரும் 1993-இல் நான்காக வகைப்படுத்தினர்: கல்லீரல் சிரைகளுக்கு மேலே, அடைப்பில்லாமல் இருப்பது முதல் வகை, சிரையின் பாதை துண்டிக்கப்பட்டதோடு சேர்ந்து வருவது இரண்டாவது, சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே மட்டும் இருப்பது மூன்றாவது, மற்றவை நான்காவது. முதல் வகையைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். இரண்டும் மூன்றும் உறையும் தன்மை உள்ளவை. இளவயதினர், உறைவின் தடயம் உள்ளவர் என்றால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். அறுவையில் சிரையைத் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கட்டி நகர்ந்தால் மேசையிலேயே நுரையீரல் அடைபடும். முதலில் மேலே கிளாம்ப், பிறகுதான் பிரித்தெடுப்பது.

இடுப்புச் சிரையில் அனியூரிசம் கண்டால் ஏன் என்று கேட்காமல் விடக்கூடாது. முதுகுத் தட்டு அறுவை, குண்டடி, கத்திக்குத்து இவற்றுக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்ட ஃபிஸ்டுலாவால் இது வரும். ஸ்டெதாஸ்கோப்பை அடிவயிற்றில் வைத்தால் ஓயாத இரைச்சல் கேட்கும், ஒரு கால் வீங்கியிருக்கும், இதயம் ஓடிக் களைத்திருக்கும். அங்கே மூட வேண்டியது ஃபிஸ்டுலாவை. ஃபிஸ்டுலா இல்லாமல் இடது பக்கம் வந்தால், வலது இடுப்புத் தமனி அந்தச் சிரையை முதுகெலும்போடு வைத்து அழுத்துகிறதா என்று சிடியில் பாருங்கள்.

சிறுநீரகச் சிரை அனியூரிசம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கல்லுக்காக எடுக்கும் கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில். இடது சிறுநீரக வாயிலில் உருண்டையாக ஒன்று, நெறிக்கட்டி மாதிரி. சிறுநீரில் ரத்தமும் இடுப்பு வலியும் இருந்தால் புற்று என்ற பயம் உடனே வரும். டாப்ளர் போட்டு ஓட்டம் உண்டா என்று பார்த்துவிட்டு, பெருந்தமனிக்கும் குடல்தமனிக்கும் நடுவே இடது சிறுநீரகச் சிரை நசுங்குகிறதா என்று அளந்து, தமனித் துடிப்பு இல்லை என்று உறுதியானால், பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும். உறைவோ, நுரையீரலுக்குப் போன கட்டியோ, கைமீறிய ரத்தச் சிறுநீரோ வந்தால் மட்டும் சிரையைத் தைத்துச் சீராக்கலாம். சிறுநீரகத்தையே எடுக்க வேண்டிய நிலை, வாயிலில் இருப்பது சிரை என்று அறுவைக்கு முன்பே தெரிந்திருந்தால், அநேகமாக வராது.